எண்ணெய் தடவிய பலகை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாற்பத்து மூன்றா, நாற்பத்து நாலா என்று கேட்டால் சட்டென்று சொல்ல வரவில்லை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அரூர் தாலுகாவில் ஓர் ஊர். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் சயன்ஸ் வாத்தியார். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். இதில் வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான், அதை நானே சொல்லிவிடப் போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சொந்த ஊர் இண்டூர், விவசாயக் குடும்பம். எங்கள் சொந்தபந்தத்திலேயே முதன்முதலாக பி.ஏ. படித்தவன் நான். அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. கோபமும் மூக்கு நுனியில்தான். சாக்பீஸ் உடைந்தால்கூடப் பையன்களை முறைப்பேன்.

வேலை நிரந்தரமாகவில்லை. பூஜை லீவு முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் பாடம் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அசத்திவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. ஆனால் எதை வைத்து அசத்துவது? எங்கள் சயன்ஸ் ரூமில் இருந்தது ஒரு தராசு, இரண்டு தெர்மாமீட்டர், வாய் உடைந்த ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு பீரோ. யுத்தத்தைக் காரணம் சொல்லி, கேட்ட சாமான் எதுவும் பட்டணத்திலிருந்து வரவில்லை. சரி போ, நாமே செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த ஏதோ ஒரு லாரியின் சீட்டுக்குள்ளிருந்து எடுத்த ஸ்பிரிங் ஒன்று, அரூரில் பூட்டு ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரிடம் இருந்தது. கை நீளத்துக்குக் கெட்டியான ஸ்பிரிங். அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "என்ன வாத்தியாரே, எலிப்பொறி பண்ணப் போறீங்களா, புலிக்கூண்டு பண்ணப் போறீங்களா? ரெண்டுக்கும் ஆவும் இது" என்று கிண்டல் செய்தார். பாடத்துக்கு என்று சொன்னதும் சும்மாவே கொடுத்துவிட்டார். ஆறடிப் பலகை ஒன்றை இழைத்து, கட்டை நேராக ஓடுவதற்கு இரண்டு ஓரத்திலும் சட்டம் அடித்து, ஒரு முனையில் ஸ்பிரிங்கை இறுக்கினேன். ஸ்பிரிங்கை மரக்கட்டையால் அமுக்கி ஒரு கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கியைத் தட்டினால் ஸ்பிரிங் கட்டையைத் தள்ளும். கட்டை பலகைமேல் சறுக்கிக்கொண்டு போய், உராய்ந்து உராய்ந்து ஓர் இடத்தில் நின்றுவிடும். இவ்வளவுதான் கருவி.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு அங்குலம் அமுக்கிவிட்டால் கட்டை ஒன்பது அங்குலம் ஓடியது. இரண்டு அங்குலம் அமுக்கினால்? யாரைக் கேட்டாலும் பதினெட்டு என்பார்கள். ஓடியதோ முப்பத்தாறு. இரண்டு மடங்கு அமுக்கினால் ஸ்பிரிங்குக்குள் சேருகிற சக்தி நாலு மடங்கு. அந்தச் சக்தி முழுவதையும் உராய்வு தின்று தீர்க்கும்வரை கட்டை நிற்காது. புத்தகத்தில் இருப்பது என் பலகையிலும் அப்படியே நடந்ததைப் பார்த்து நானே குதித்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் முப்பத்தாறுக்கு ஒரு விரல் முன்னே பின்னே வந்து நின்றது. அந்த இடத்தில் ஓரச் சட்டத்தில் கத்தியால் கோடு கீறி வைத்தேன்.

நான் குதித்தபோது பக்கத்தில் நின்று கைதட்டியவர் எங்கள் பியூன். சித்தேரி மலையைச் சேர்ந்தவர். சாமை விதைப்பதும் காட்டில் கடுக்காய், தேன் எடுப்பதுமாக இருந்த குடும்பத்திலிருந்து, சம்பள வேலைக்கென்று கீழே இறங்கி வந்த முதல் ஆள். முப்பது வயது இருக்கும். பள்ளிக்குப் பின்னால் ஒரு கொட்டாயில் மனைவியோடு இருந்தார். அப்போதுதான் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அவரை நான் "ஏய், இங்கே வா" என்றுதான் கூப்பிடுவேன். இப்போது சொல்லும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"கட்டை ஓடி ஓடி எளைச்சுப்போயி நின்னுக்குதுங்களா அய்யா?" என்று கேட்டார்.

"இளைக்கவில்லையப்பா, பலகை பிடித்து நிறுத்துகிறது" என்றேன்.

"அப்பிடிங்களா!" என்று பலகையைத் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம் தினமும் காலையில் என் அனுமதி கேட்டு, ஒரு தடவை கட்டையை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கப் போவார்.

லீவுக்கு முதல் நாள் ஐந்தாம் பாரத்து, அதாவது பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு அங்குலத்தை மட்டும் காட்டினேன். இரண்டு அங்குலத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தி வைத்தேன். சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே பியூனிடம் நாலு வேலையை ஏவிவிட்டு ஓடினேன்.

திங்கட்கிழமை நான் வந்து சேர்வதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒல்லியான ஆள். கோட்டு, தலைப்பாகை, வேட்டி. அதிகம் பேசமாட்டார். முதல் பீரியடே என்னுடையது. வகுப்பில் மேஜைமேல் என் பலகையை வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் மேஜையின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவருடைய நோட்டும் மைக்கூடும். துணியை ஜம்மென்று இழுத்தேன். பலகையின் ஓரச் சட்டமெல்லாம் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்குப் பியூன் வைத்திருக்கிறார். பலகை பளபளவென்று இருந்தது. நன்றாகத்தான் துடைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேனே தவிர, தொட்டுப் பார்க்கவில்லை.

"ஒரு அங்குலத்துக்கு ஒன்பது. இரண்டு அங்குலத்துக்கு எவ்வளவு?" என்றேன்.

"பதினெட்டு சார்!" என்று வகுப்பே கத்தியது.

நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன் பாருங்கள், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "இதோ, இந்தக் கோட்டில் வந்து நிற்கும்" என்று முப்பத்தாறைக் காட்டிவிட்டுக் கொக்கியைத் தட்டினேன்.

கட்டை கோட்டில் நிற்கவில்லை. கோட்டைப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. விர்ரென்று ஆறடியையும் கடந்து, பலகையைவிட்டுப் பறந்து, இன்ஸ்பெக்டரின் முழங்காலில் மோதி, மைக்கூட்டைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது. வெள்ளை வேட்டி முழுக்க நீல மை.

ஹெட்மாஸ்டர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "ஏனய்யா இது! ஏனு மாடிபிட்டே! என்னய்யா பண்ணிட்டே!" என்று அலறிக்கொண்டே இன்ஸ்பெக்டரைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். நான் பலகையைத் தொட்டேன். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்!

"எவன்டா இதில் எண்ணெய் தடவினது?"

வாசலில் நின்ற பியூன், "நான்தானுங்க அய்யா" என்று ஓரடி முன்னால் வந்தார்.

கையில் டஸ்டர் இருந்தது. வீசிவிட்டேன். அவர் தோளில் பட்டுச் சுண்ணாம்புப் பொடி பறந்தது. "மாடு! மலைமாடு! என் பிழைப்பில் மண்ணைப் போட்டுட்டியேடா!" என்று நாற்பது பையன்கள் முன்னால் கத்தினேன். அவர் தோளில் இருந்த பொடியைக்கூடத் தட்டவில்லை. அதற்குள் திரும்பி வந்த ஹெட்மாஸ்டர் நான் கத்தியதைக் கேட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்ஸ்பெக்டர் காலையே ஒடைக்கப் பாத்தியா நீ? நாளையிலிருந்து வேலைக்கு வராதே. கொட்டாயையும் காலி பண்ணு" என்றார்.

அதைக் கேட்டும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ரோஷத்தோடு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஓட்டமாக ஓடித் தன் கொட்டாயிலிருந்து ஒரு முறத்தில் அடுப்புச் சாம்பல் அள்ளி வந்து, பலகைமேல் கொட்டி, தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்துத் துடைத்தார். "எண்ணெய் போயிருச்சுங்க அய்யா, இப்ப ஓட்டிப் பாருங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் இரண்டு அங்குலம் அமுக்கி விட்டேன். பலகையில் சாம்பல் பொடி ஒட்டிக்கொண்டு சொரசொரவென்று இருந்திருக்கிறது. கட்டை கரகரவென்று நகர்ந்து இருபது அங்குலத்திலேயே நின்றுவிட்டது. கோட்டுக்கு வரவே இல்லை. பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அப்போது முன்பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "சார், ஸ்பிரிங்கு அதேதானுங்களே. நீங்க அமுக்குனதும் அதே ரெண்டு அங்குலந்தானுங்களே. பலகைதானுங்க மாறிருக்குது, மொதல்ல எண்ணெய், இப்ப சாம்பல்!"

எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். மை வேட்டியோடு எழுந்து பலகைக்கு வந்துவிட்டார். "எண்ணெய்ப் பலகையில் ஆறடியும் தாண்டி ஓடிச்சே, அப்போ ஸ்பிரிங்குக்கு அதிக சக்தி வந்திருச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்."

"சாம்பல் பலகையில் சீக்கிரம் நின்னுட்டுதே, அப்போ மிச்சச் சக்தி காணாமப் போச்சா?"

பையன்கள் விழித்தார்கள். "எல்லாரும் உள்ளங்கையைத் தேயுங்கள்" என்றார். நாற்பது பேரும் பரபரவென்று தேய்த்தார்கள். "சுடுதா? அங்கேதான் போச்சு. எண்ணெயில் கொஞ்சங் கொஞ்சமாகச் சூடாகும், அதனால் ரொம்ப தூரம் போகும். சாம்பலில் சீக்கிரமே அத்தனையும் சூடாகிவிடும், அதனால் கிட்டவே நின்றுவிடும். காணாமல் போவது எதுவும் கிடையாது." வகுப்பே ஓவென்றது. நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததைவிட அந்த ஐந்து நிமிஷப் பாடம்தான் பெரிய பாடம். கோட்டில் வந்து நிற்கவில்லையே என்ற ஆத்திரத்தில் என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

பீரியட் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டினார். "பேஷ்! எண்ணெய் ஒரு தடவை, சாம்பல் ஒரு தடவை. முன்கூட்டியே யோசித்து வைத்ததுதானே?" என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். வாசலில் பியூன் நின்றுகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன். "ஆமாம் சார்" என்றுகூட முழுதாகச் சொல்லவில்லை, வெறும் தலையாட்டல்தான். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதில்லை. ஆசிரியர் முன்யோசனையோடு மிகச் சிறந்த செயல்விளக்கம் காட்டினார், நிரந்தரமாக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சயன்ஸ் ரூம் சாவி என் மேஜைமேல் இருந்தது. மணியை வேறு யாரோ அடித்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தேன். கொட்டாய் காலி. சுத்தமாகப் பெருக்கி, அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். "விடியறதுக்கு முந்தியே பொண்டாட்டி புள்ளையோட மலைக்குப் போயிட்டான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே ஐப்பசி மழை பிடித்திருந்தது. இரண்டு மாதம்கூட நிரம்பாத பச்சைக் குழந்தை.

ஆனாலும் தப்பு அவனுடையதுதானே, யார் எண்ணெய் தடவச் சொன்னது என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே சயன்ஸ் ரூமைத் திறந்தேன். பீரோவைத் திறந்தபோது கதவின் கீல் கிறீச்சென்றது. கிறீச்சென்ற அந்தச் சத்தம்தான் என்னை உலுக்கிவிட்டது. லீவுக்கு முதல் நாள் சாயங்காலமும் இதே மாதிரி கிறீச்சிட்டது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் எரிச்சலோடு நான் என்ன சொன்னேன்? "சந்தனம் குங்குமம் வைத்தால் மட்டும் போதாது. எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டு வை." எல்லாத்துக்கும்! பீரோவைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன். அறை முழுவதையும் பார்த்துக்கொண்டு அவர் கேட்டிருக்கிறார். வண்டி அச்சானாலும் செக்கானாலும் ஆயுத பூஜைக்குத் துடைத்து எண்ணெய் போடுவதுதானே நம் பக்கத்து வழக்கம்? பலகைக்கும் ஸ்பிரிங்குக்கும் மட்டும் கூடாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பலகை பிடித்து நிறுத்துகிறது என்று வாத்தியாராகச் சொல்லத் தெரிந்த எனக்கு, எண்ணெய் போட்டால் பிடிக்காது என்று சொல்லத் தோன்றவில்லையே.

ஹெட்மாஸ்டரிடம் போனேன். "சார், எண்ணெய் போடச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "உமக்கென்ன பைத்தியமா? இன்ஸ்பெக்டர் உம்மைப் புகழ்ந்து எழுதிட்டுப் போயிருக்கார். இப்போ போய் அது தற்செயல்னு சொன்னா, உம்ம வேலையும் போகும், பள்ளிக்கூடத்து மானமும் போகும். பியூன் வேலைக்கு ஆயிரம் பேர் வருவான். பேசாம இரும்."

பேசாமல்தான் இருந்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். இதை மறைத்தால் இவ்வளவு எழுதியதும் வீண். நிரந்தரமாகப்போகிறது என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். ஆனால் வெளியே மழை பெய்யப் பெய்ய, தலையில் ஒரு முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தையோடு மலையேறுகிற பெண் ஒருத்திதான் கண்ணுக்குள் வந்தாள். நான்காம் நாள் உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். ஹெட்மாஸ்டர் வாரக்கணக்கில் என்னோடு பேசவில்லை. இன்ஸ்பெக்டரிடமிருந்து பதில் சீக்கிரமே வந்தது. இரண்டே விஷயம். முழங்காலில் பட்டது ஒன்றும் பெரிதல்ல, அந்த ஆளை உடனே திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். என்னை நிரந்தரமாக்குவது அடுத்த இன்ஸ்பெக்ஷன் வரை நிறுத்திவைக்கப்படுகிறது. ஒரு வருஷம் போயிற்று. போகட்டும்.

பதில் வந்த வாரமே சனிக்கிழமை காலையில் அடிவாரம்வரை ஒரு கட்டைவண்டியில் தொற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மலையேறினேன். ரோடு கிடையாது. விசாரித்து விசாரித்து, மத்தியானம் தாண்டி, சாமைக் கொல்லை ஓரத்தில் இருந்த ஒரு கூரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குச் சளி, மூச்சு கர்கர்ரென்று இழுத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க வாத்தியாரே. பலகைக்கு இன்னும் எண்ணெய் வேணுங்களா?"

எந்த எண்ணெய் என்று கேட்டேன்.

"கெடைக்காத காலத்துல, பச்சப்புள்ளைக்கு ஒடம்புல தேச்சு ஊத்தறதுக்குன்னு எங்காத்தா கொட்டமுத்து காய்ச்சி எறக்கிக் குடுத்த வெளக்கெண்ணெய்ங்க அது. முழு போத்தலு. வூட்ல இருந்ததே அதுதான். மொத்தத்தையும் கொண்டுபோயி உங்க மரத்துக்கு ஊத்திட்டு வந்துட்டாரு இந்த மனுசன். ஏன்னு கேட்டா, பள்ளிக்கூடத்துல எண்ணெய் இல்ல, வாத்தியாரு சொல்லிட்டுப் போயிருக்காருங்கறாரு. நீங்க என்னடான்னா அவரையே தோள்மேல அடிச்சு அனுப்பிட்டீங்க. நல்லா இருங்க!"

பள்ளியில் எண்ணெய் இருக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை. கடையில் எண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். போட்டு வை என்று சொல்லிவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

குரல் கேட்டுக் கொல்லையிலிருந்து அவர் ஓடி வந்தார். "அய்யாவை நிக்கவெச்சுப் பேசறியே, சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கட்டிலைத் தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தேன்.

"நான்தானே எண்ணெய் போடச் சொன்னேன். அன்றைக்கே ஏன் அதைச் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"பசங்க முன்னால எப்பிடிங்க அய்யா சொல்றது? உங்களுக்குப் போயி கௌரவக் கொறச்சல் ஆயிருமில்லீங்களா" என்றார். காலால் மண்ணைக் கீறினார். பிறகு, பல நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்வது போல, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தப்பு என்மேலதானுங்க. நீங்க எல்லாத்துக்கும் போடச் சொன்னீங்க. பலகை குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பலகைக்கும் ஸ்பிரிங்குக்கும் கட்டைக்குமே போத்தலு தீந்துபோச்சுங்க. தராசுக்குப் போடல, பீரோவுக்குப் போடல. சொன்னதுல பாதிதான் செஞ்சேன். கொறையா வுட்டதாலதான் அப்பிடி எகிறிருச்சு போலன்னு அன்னியிலருந்து அதே நெனப்புங்க. இன்னங் கொஞ்சம் எண்ணெய் இருந்திருந்தா உங்க மானம் போயிருக்காதுங்க அய்யா."

அவ்வளவு நாளும், எண்ணெய் போதவில்லையே என்றுதான் அந்த மனிதர் வருத்தப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். பிள்ளையின் எண்ணெயை எல்லாம் கொட்டிவிட்டு, அடியும் வாங்கி, வேலையும் போய், மழையில் மலையேறி வந்து, எனக்காக வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முயலவில்லை. "நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதும் தப்பு, அடித்ததும் தப்பு. என்னை மன்னிச்சுக்குங்க. உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரே எழுதிட்டார், வாங்க" என்றேன்.

அவர் பதறிப்போனார். "என்னங்க அய்யா இது, வாங்க போங்கன்னு என்னைப் போயி..." என்று கையைப் பிசைந்தார். அவர் மனைவி உள்ளே போய் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

குழந்தைக்குச் சளி குறைந்ததும் பத்து நாளில் இறங்கி வந்தார்கள். அதற்குள் நான் அரூர், தருமபுரி எல்லாம் அலைந்து ஒரு போத்தல் விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்காத்தா எறக்குனது மாதிரி வராது" என்றாள். அது சரிதான்.

அதற்கப்புறம் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டேன். சக்தி அழியாது, வேறொன்றாக மாறும், எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதினேன். அன்றைக்கு என் கோபம் வகுப்பிலேயே தீர்ந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்; அது மலைமேல் ஒரு பச்சைக் குழந்தையின் நெஞ்சில் சளியாகப் போய் நின்றதை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கே அந்தப் பாடம் புரிந்தது. இப்போதும் யார் மேலாவது ஆத்திரம் பொங்கி வந்தால், இவருக்கு நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் குற்றவாளி நானாகத்தான் இருக்கிறேன்.